கண்டார் உரையும் காட்சி அளவையும்

அளவைகள் பல என விரிப்பாரும் உளர். எனினும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனையவெல்லாம் அடங்கும் என்பது நம் நூலார் துணிபு. உலகியற் பொருள்களிடத்துக் கருதற்கும் உரைக்கும் அடியாய் நிற்றலின் காட்சி முதற்கண் வைக்கப்பட்டது. உலக வழக்கினும் "கண்ணாற் கண்டேன்" என்பானுடைய சொல்லுக்கு அவை அடங்குகின்றது. வேறு சான்று வேண்டா என்று வழக்கும் தீர்கின்றது. அங்ஙனம் தீர்ப்பதற்கு முன், "கண்டேன்" என்ற அச்சொல்லினுள் அவன் கண்டது எவ்வளவு, கருதியது எவ்வளவு, பிறர் கூறக் கேட்டது எவ்வளவு என்று பகுத்து வினாவுவார் மிகச் சிலரே. அளவை இலக்கணத்தை ஏட்டளவிற் கற்று வைத்திருக்கும் நம்மனோரும் நடைமுறையில் அப்பகுப்பை மறந்து விடுகின்றோம். இம்மறதி பிறனொருவனுக்கு எத்துணைக் கேட்டினை விளைக்கும் என்பதை, நம் நாட்டிற்குச் சேய்மையிலுள்ள கலிபோர்னியாவில் அடிக்கடி எழும் ஒருவகை வழக்கினைக் கொண்டு ஆராயப் புகுகின்றோம்.

மோட்டார் சைக்கிளைப் பற்றியும் இப்பத்திரிகையில் எழுதவேண்டுமோ என்று நகைப்பார் சிலர் இருக்கலாம். கயிறும் பாம்பும், இப்பியும் வெள்ளியும், குற்றியும் மகனும் நம் முன்னோர்க்குத் தெருவிலும் கடற்கரையிலும் வயற்புறத்தும் கிடைத்த எடுத்துக்காட்டுக்களே. இக்காலத் தெருவிற் கிடைப்பது இது.

அந்நாட்டுப் பெருஞ்சாலைகள் ஒரு திசைக்கே நான்கும் ஐந்துமாகிய தடங்களாகக் கோடிட்டுப் பகுக்கப்பட்டவை. லாஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ முதலிய நகரங்களைச் சூழ்ந்த சாலைகளில் காலையும் மாலையும் மோட்டார் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் நெருங்கி, ஊர்ந்தும் நின்றும் செல்லும். அவ்வேளையில் மோட்டார் சைக்கிளில் வருவோர் இரண்டு தடங்களைப் பிரிக்கும் கோட்டின் வழியே, இருபாலும் உள்ள வண்டிகளின் நடுவே புகுந்து முன்னேறுவர். இதனை 'நிரையிடைச் செலவு' என்று ஈண்டு வழங்குவோம். நம்மூர்த் தெருக்களிற் பழகியவர்க்கு இஃது ஒரு பொருட்டாகத் தோன்றாது. இங்கே இருசக்கர வண்டிகள் செல்லும் முறையே அதுவாயிருக்கின்றது. அந்நாட்டாரோ தத்தம் தடத்தினுள் அடங்கிச் செல்லுதலை ஒழுக்கமாகக் கொண்டவர். ஆகலின் அவருட் பலர் கண்ணை இச்செலவு உறுத்துகின்றது.

கலிபோர்னியாவில் நெடுங்காலம் இதனை விலக்கும் விதியும் இல்லை, உடன்படும் விதியும் இல்லை. 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2017 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இச்செலவினை இன்னதென வரையறுத்து, இதற்குரிய பாதுகாப்பு நெறிகளை வகுக்கும் அதிகாரத்தை நெடுஞ்சாலைப் போலீஸார்க்கு அளித்தது. பின்னர் 2019-இல் யூட்டா, 2021-இல் மான்டானா, 2022-இல் அரிசோனா, 2024-இல் கொலராடோ ஆகிய மாநிலங்கள், நின்ற வண்டிகளையும் மிக மெல்ல ஊரும் வண்டிகளையும் கடத்தல் என்னும் சிற்றளவில், பல கட்டுப்பாடுகளுடன் உடன்பட்டன. மற்றைப் பெரும்பாலான மாநிலங்களில் இதற்கு இடமில்லை. இதனை ஏன் கூறுகின்றோம் எனின், வேற்று மாநிலத்திற் பழகிக் கலிபோர்னியாவுக்கு வந்து வண்டியோட்டும் ஒருவன் இச்செலவினைக் காணும்போதே, 'குற்றம் ஒன்று நிகழ்கின்றது' என்ற எண்ணத்தோடு காண்கின்றான். சட்டம் இன்னதென அறியாத அம்மாநிலத்தாரும் அவ்வாறே காண்பர். காட்சி தொடங்குமுன்பே தீர்ப்பு அங்கு வந்து அமர்ந்திருக்கின்றது.

இனி விபத்து நேருமாறு கூறுவோம். மெல்ல ஊர்ந்த மோட்டார் வண்டி ஒன்று, பக்கத்துத் தடம் சிறிது விரைந்து செல்லக் கண்டு, அதனுட் புகுவதற்குத் திடீரெனத் திரும்பும். அவ்விமைப்பில் கோட்டின்மேல் வந்துகொண்டிருந்த மோட்டார் சைக்கிள் அதன் பக்கத்தில் மோதும். திரும்பியவன் பின்னோக்கிப் பாராமையும் குற்றமாகலாம். வந்தவன் மிக விரைந்து வந்ததும் குற்றமாகலாம். இரண்டும் கலந்திருத்தலும் கூடும். 1975-இல் அம்மாநிலத்துத் தலைமை நீதிமன்றம், லீ என்பார்க்கும் எல்லோ கேப் கம்பெனிக்கும் இடையே நிகழ்ந்த வழக்கில், குற்றத்தை இருபாலார்க்கும் விழுக்காட்டளவிற் பங்கிட்டு, அப்பங்கின்படியே நஷ்டஈட்டைக் குறைத்தல் வேண்டும் என்று முடிவு செய்தது. கால் முறிந்து கிடந்தவனுக்கு நேர்ந்த இழப்பு 1,00,000 டாலர் எனவும், அவன்மேற் குற்றம் 70 விழுக்காடு எனவும் துணியப்பட்டால், அவன் பெறுவது 30,000 டாலரே. முறிந்த காலின் மருத்துவத்திற்கும், வேலையின்றிக் கிடந்த மாதங்களுக்கும் அது போதாதாயின், எஞ்சிய கடனை அவனும் அவன் குடும்பமும் சுமத்தல் வேண்டும். 70 என்னும் அவ்வெண் எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும், பக்கத்து வண்டிகளில் இருந்தவர் கூறிய சொற்களிலிருந்தே வருகின்றது.

எம்மிடத்துத் தமிழ் பயின்று இப்போது அந்நாட்டில் தொழில் புரியும் அன்பர் ஒருவர் சின்னாட்களுக்கு முன் எமக்கு ஒரு வினா விடுத்தார். ஒருநாள் மாலை அவர் வண்டிக்கு இரண்டு வண்டி முன்னே இத்தகைய விபத்து நேர்ந்தது. போலீஸார் வினாவியபோது, "மோட்டார் சைக்கிள்காரன் மிக விரைவாக, வளைந்து வளைந்து வந்தான்; பிழை அவனுடையதே" என்று கூறிக் கையொப்பமிட்டார். சில நாள் கழித்து இன்ஷூரன்ஸ் கம்பெனியார் தொலைபேசியில், "எத்துணை வேகம் இருக்கும்?" என்று கேட்க, "மணிக்கு 45 மைல்" என்றார். அதன்பின் ஓரிரவு தனித்திருந்து எண்ணியபோது, மோதிய ஓசை கேட்டபின் அன்றோ அத்திசையில் நோக்கினோம், அதற்கு முன் அவனைக் கண்டதே இல்லையே என்பது அவர்க்குப் புலனாயிற்று. "ஐயா, யான் எவரையும் கெடுக்க எண்ணியதில்லை. கூறியபோது கூறியதனை மெய்யென்றே நம்பினேன். யான் பொய் கூறியவன் ஆவேனோ?" என்பது அவர் வினா. அடிபட்டவனைப் பற்றி அவர் அறிந்தது, இளைஞன் என்பதும் இன்னும் ஊன்றுகோலின்றி நடந்திலன் என்பதுமே. இவ்வினாவிற்கு ஒரு சொல்லில் விடை கூறல் அமையாது. அவர் உள்ளத்தில் நிகழ்ந்தது யாதென முதற்கண் காணல் வேண்டும்.

செவி முந்திற்று, கண் பிந்திற்று. இத்தகைய விபத்துக்களில் இதுவே பெருவழக்கு. நிரையில் நிற்பவன் முன்வண்டியின் விளக்கையோ கைபேசியையோ நோக்கியிருப்பான். பேரோசை எழும். திரும்பிப் பார்ப்பான். அவன் கண்ணிற்கு உண்மையிற் பட்டவை, குறுக்கே நிற்கும் வண்டி ஒன்று, சரிந்து கிடக்கும் மோட்டார் சைக்கிள் ஒன்று, உருண்டு கிடக்கும் மனிதன் ஒருவன் என்னும் இவையே. இவற்றிற்கு முன்னிகழ்ந்தது யாது என்பதை அவன் உள்ளம் கணப்பொழுதிற் படைத்துக்கொள்கின்றது. இது காரியங் கண்டு காரணங் கருதலாம். ஆற்றிற் புதுநீர் பெருகக் கண்டு மேற்றிசையில் மழை பெய்ததென்று கருதுதல் போல்வது. மழை பெய்தாலும் நீர் பெருகும். அணை திறந்தாலும் பெருகும் என்று மாற்றார் அன்றே தடை எழுப்பினர். தூர விழுந்து கிடத்தல் விரைவாலும் ஆகலாம்; மோதிய வண்டி திரும்பிய வேகத்தாலும், வழுக்கும் சாலையாலும் ஆகலாம். கருதுதல் குற்றமன்று. கருதியதனைக் 'கண்டேன்' என்று பெயர்மாற்றி வைத்தலே ஈண்டைக் குற்றம்.

முன்னரே கண்டவன் நிலைமையும் பெரிதும் தேறுதற்கு உரியதன்று. கணக்கிட்டுப் பார்ப்போம். நின்ற வண்டிகளினிடையே மணிக்குப் பத்து மைல் வேகத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் செல்கின்றது என்க. பத்து மைல் என்பது சைக்கிள் மிதிப்பவன் செல்லும் வேகமே. அவ்வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 15 அடி முன்னேறும். மோட்டார் வண்டி ஒன்றன் நீளமும் ஏறத்தாழ அவ்வளவே. எனவே, சைக்கிளின் வேகத்திற் செல்பவனும் வண்டியில் இருப்பானை ஒரு நொடியிற் கடந்து விடுகின்றான். அதுவும் கண்ணாடிக்கு ஒன்றிரண்டு அடி அருகில்! சேய்மையிற் செல்லும் இரயில் மெல்ல ஊர்வதுபோலவும், அதுவே நடைமேடையின் அருகே செல்லும்போது பாய்வதுபோலவும் தோன்றுதலை யாவரும் அறிவர். நிற்பவனுக்கு அருகிற் செல்வதெல்லாம் விரைவே.

ஓசையும் இதற்குத் துணையாகின்றது. முதற் கியரில் மெல்லச் செல்லும்போது அவ்வெந்திரம் பேரொலி செய்யும். சிலர் தம் வரவினை அறிவித்தற்பொருட்டுக் கிளட்சைப் பிடித்துக்கொண்டு வேண்டுமென்றே எந்திரத்தை முழக்குவர். முழக்கம் மிகுந்தது கேட்டு விரைவும் மிகுந்ததெனக் கொள்ளுதல் சங்கோசை கேட்டுச் சங்கின் எடையை அளத்தல் போல்வது. ஆயினும் பின்னிருந்து திடீரென எழுந்த முழக்கம் நெஞ்சினை நடுக்குறச் செய்கின்றது. நடுங்கியவன், நடுங்கச் செய்தது பெரிது என்றே நினைவிற் பதிக்கின்றான்.

வியப்பொன்று கூறுவோம். சிறிய வடிவுடைய வண்டி எதிர்வருங்கால், அது வந்தெய்தும் பொழுதினைப் பெரிய வண்டியினும் பிற்பட மதித்தல் மக்கள் இயல்பென ஆராய்ச்சியாளர் சோதனைகளாற் காட்டியுள்ளனர். அஃதாவது, மோதலுக்கு முன் எதிரே வரும் மோட்டார் சைக்கிளை 'இன்னும் பொழுதிருக்கிறது' என்று எண்ணித் திரும்புகின்ற அதே கண், மோதிய பின் 'காற்றாய்ப் பறந்து வந்தான்' என்று கூறுகின்றது. இன்னும், திரும்பிய வண்டிக்காரன் வாயினின்றும் இரண்டு கூற்றுக்கள் ஒருங்கே வருதலுண்டு: "அவனை யான் பார்க்கவே இல்லை"; "அவன் மிக விரைந்து வந்தான்". பார்க்கப்படாதவனது விரைவு எவ்வாறு பார்க்கப்பட்டது? மலடி மகன் முயற்கொம்பேறி ஆகாயப்பூப் பறித்த கதையை நம் ஆசிரியர்கள் நகைச்சுவைக்காகவே வைத்தார்கள் என்று எண்ணியிருந்தோம். அது கையொப்பத்துடன் போலீஸ் தாளிலும் ஏறும் என்பது இப்பொழுது விளங்குகின்றது.

அடுத்து, கண்டதும் கருதியதும் நினைவிற் கிடக்கும்போது அடையும் மாறுதல். 1974-இல் எலிசபெத் லாப்டஸ், ஜான் பாமர் என்னும் இருவர், மோட்டார் வண்டிகள் மோதிக்கொள்ளும் படங்களை மாணவர்க்குக் காட்டி, வேகம் யாதென வினாவினர். வினாவில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினர். 'ஒன்றையொன்று தொட்டபொழுது' என்று கேட்கப்பட்டவர் சராசரி 32 மைல் அளவில் மதித்தனர்; 'நொறுங்க மோதியபொழுது' என்று கேட்கப்பட்டவர் 41 மைல் அளவில் மதித்தனர். மற்றொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, 'உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா?' என்று வினாவினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. 'நொறுங்க' என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேருள் 16 பேர் கண்டோம் என்றனர். மெல்லிய சொல்லைக் கேட்டிருந்த 50 பேருள் 7 பேரே அங்ஙனம் கூறினர். கேட்ட சொல் கண்ட பொருளாயிற்று. எம் அன்பரிடம் "எத்துணை வேகம்?" என்று கேட்டவர் ஓர் எண்ணை வேண்டிக் கேட்டார், எண் ஒன்று கிடைத்தது. சாலையோரத்திற் கூடி நின்றவர் தம்முட் பேசிய பேச்சும் இதனோடு சேரும். ஒருவன் "பறந்தான்" எனப் பக்கத்தில் நின்றான் "ஆம்" என, பிற்றை நாளில் இருவரும் தனித்தனிச் சாட்சியாவர். எண்ணிக்கையில் இருவர், மூலத்தில் ஒருவரே.

இவையெல்லாம் பொறியின் குறையும் நினைவின் குறையும் ஆம். இவற்றினும் ஆழ்ந்தது ஒன்று உண்டு. அதனைக் கூறுதற்கே இத்துணையும் கூறினோம்.

வாயிற்காட்சி, மானதக்காட்சி இவற்றின் வேறாகத் தன்வேதனைக் காட்சி என ஒன்றனை நம் நூலார் வகுத்தனர். அராகம் முதலிய தத்துவங்களின் வழியே தனக்கு உண்டாகும் இன்ப துன்பங்களை உயிர் அறிதல் அது. இக்காட்சி தன் எல்லையில் நிற்குமளவும் பிழையுடையதன்று. நிரையில் அகப்பட்டு அரைமணி நேரமாக நிற்கின்ற ஒருவன், தன் வெறுப்பைத் தான் அறிதல் மெய்யறிவே. அவ்வெறுப்பு எல்லை கடந்து புறப்பொருளின் நிறமாக மாறுங்கால் திரிபு பிறக்கின்றது. எண்ணிப் பாருங்கள்: நூறு பேர் வரிசையில் நிற்கின்றார்கள், ஒருவன் மட்டும் நில்லாது செல்கின்றான். அவனால் நிற்பவர்க்கு யாதொரு நஷ்டமும் இல்லை. அவனும் ஒரு மோட்டார் வண்டியில் வந்திருப்பின் வரிசை ஒரு வண்டி நீண்டிருக்கும். ஆகலின் சிறிது இலாபமே. ஆயினும், 'நாம் நிற்க இவன் செல்வதா?' என்று உள்ளம் கன்றுகின்றது. இது சினம்போல் வெளிப்படின் தெரியும். முறைமையின்மேற் பற்றுப்போல் வேடமிட்டு வருதலால் தெரிவதில்லை. தோலுடை அணிந்தவன், பச்சை குத்தியவன், பேரொலி செய்பவன் என்று மோட்டார் சைக்கிள்காரரைப் பற்றி அந்நாட்டிற் பரவியுள்ள பழிப்பும் இதனோடு சேர்ந்துகொள்கின்றது. பின்பு அவன் விழுந்து கிடக்குங்கால், 'இவன் விழத்தக்கவனே' என்ற எண்ணம் 'இவன் விரைந்து வந்தான்' என்ற காட்சியாக உருக்கொள்கின்றது.

புறவிருள் பிறவற்றை மறைத்தாலும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் மறைத்து நிற்கும் என்பது உமாபதி சிவாசாரியர் முதலிய நம் ஆசிரியர் கொள்கை. நடுவுநிலை திறம்பிய சாட்சிக்கு இதனினும் பொருத்தமான விளக்கம் யாம் அறியோம். கைக்கூலி பெற்றவன் தான் பெற்றதை அறிவான். வெறுப்பினாற் கண் திரிந்தவனோ தனக்கு வெறுப்பில்லை என்றே சத்தியம் செய்வான். சத்தியமும் பொய்யாகாது, அவன் அறிந்த அளவில். ஆகலாற்றான், 'எனக்கு அவனோடு பகையில்லை, உறவுமில்லை' என்று சாட்சி கூறுதலைக் கொண்டு நடுவுநிலையைத் துணிதல் அரிதாகின்றது. அவ்விபத்துக்குச் சாட்சியாக வருவோர் பெரும்பாலும் மோட்டார் வண்டிக்காரரே என்பதையும், அவரெல்லாரும் அதே நிரையில், அதே வெறுப்பில் நின்றவர் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

அற்றேல், நிரையிடைச் செல்வாரிற் பலர் அடங்காது விரைபவர் என்பது எல்லாரும் அறிந்ததன்றோ? பொதுவகையான் அறிந்ததனைக் கொண்டு இவனும் அங்ஙனமே என்று கருதுதல் கருதலளவை ஆகாதோ எனின், ஆகாது. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பு போல விட்டு நீங்காத உடனிகழ்ச்சி இருந்தாலன்றிக் கருதல் பிறவாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலிப் பிரிவினர் 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், விபத்துக்குட்பட்ட 5,969 மோட்டார் சைக்கிள்காரர் கணக்கில் எடுக்கப்பட்டனர். அவருள் 997 பேர் விபத்தின்போது நிரையிடைச் சென்றவர். இவருள் 69 விழுக்காட்டினர் சுற்றிச் சென்ற வண்டிகளினும் 15 மைல் அல்லது அதற்குட்பட்ட வேகமே மிகுந்து சென்றவர். அஃதாவது, விபத்துக்குட்பட்டாருள்ளும் பத்துப்பேரில் எழுவர் அளவினர் பெரிதும் விரைந்தவர் அல்லர். எஞ்சிய மூவர் விரைந்தவரே. அவரைக் காத்துப் பேசுதல் எம் கருத்தன்று. விழுந்து கிடப்பவன் எழுவருள் ஒருவனோ மூவருள் ஒருவனோ என்பதை அவன் கிடக்கும் கிடையினின்றும் அறிதல் கூடாது என்பதே யாம் கூறுவது. அவ்வெண்களும் பெரும்பான்மை போலீஸார் நிரப்பிய தாள்களைப் பற்றியன. அத்தாள்களும் கண்டார் கூற்றை ஓரளவு பற்றியன ஆகலின், அவ்வளவில் வைத்தே அவற்றைக் கொள்க. இச்செலவால் விபத்து மிகுகின்றதோ குறைகின்றதோ என்பதற்கு அவ்வாராய்ச்சி விடை கூறவில்லை.

இன்னும், 1981-இல் ஹாரி ஹர்ட் என்பார் தலைமையில் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்து 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்கள் நிகழ்ந்த இடத்திற்கே சென்று ஆராயப்பட்டன. அது நிரையிடைச் செலவினை மட்டும் பற்றியதன்று. எனினும், வேறொரு வண்டியோடு மோதியவற்றுள் மூன்றில் இரண்டு பங்கில், மோட்டார் சைக்கிளின் வழியுரிமையைக் கடந்து பிழைசெய்தது மற்றை வண்டியே எனக் கண்டனர். கண்டவர் நாவில் வரும் வழக்குக்கும் கிடங்கும் கோடும் அளந்து காணும் முடிவுக்கும் உள்ள சேய்மை இதனால் ஒருவாறு புலனாம்.

இனி அன்பர் வினாவிற்கு வருவோம். நம்பிக் கூறியது பொய்யாகுமோ?

உரையளவைக்கு உரிய ஆத்தன் இலக்கணம் கூறுங்கால், பொருளை உள்ளவாறு அறிதலும், அறிந்தவாறு உரைத்தலும் என இரண்டினை வேண்டுவர். இரண்டாவதனைக் கெடுத்தவன் பொய்யன். அதில் ஐயமில்லை, எம் அன்பர் அதனைக் கெடுத்திலர். முதலாவது கெட்டவழி யாது கூறுவது? காமாலைக் கண்ணன் வெண்சங்கினை மஞ்சள் என்கின்றான். அவனைப் பொய்யன் என்பார் இலர். கண்ணோய் அவன் வயத்ததன்று. நம் அன்பரை அவனோடு வைத்து விடுவிக்கலாமோ எனின், அதுவும் எமக்கு உடன்பாடன்று. காமாலைக் கண்ணனுக்குத் தன் கண்ணை மாற்றிப் பார்க்கும் வழியில்லை. 'அவனை யான் முதலிற் கண்டது எப்பொழுது?' என்று தன்னைத் தான் வினவிக்கொள்ளும் வழியோ அன்பருக்கு அன்றே இருந்தது. பின்னர் ஓரிரவில் வினவினார், விடையும் கிடைத்தது. கையொப்பமிடும்போது வினவாமை மடியின்பாற்படும். பிறனது உயிர்வாழ்வு தன் நாவிற் கிடக்கும்போது மடிந்திருத்தல் சிறு குற்றமன்று. பொய்யன் என்னும் பெயர் அவர்க்குப் பொருந்தாது. ஆயினும் வாய்மை உடையவர் என்னும் பெயரை அவ்வொரு கூற்றளவில் அவர் இழந்தார். பிறிதொருவர் இதனினும் மெல்லிய விடை கூறியிருப்பர். அன்பர் ஆறுதல் வேண்டி எழுதினாரில்லை, உண்மை வேண்டியே எழுதினார் என்று கொண்டு யாம் இங்ஙனம் எழுதினோம்.

அக்குற்றத்திற்குக் கழுவாயும் எளிதே. "ஓசை கேட்டபின் திரும்பினேன், மோதலுக்கு முன் அவனைக் கண்டிலேன், வளைந்து வந்தான் என்றதும் 45 மைல் என்றதும் என் ஊகம், மோதியபின் வண்டிகள் கிடந்த நிலை மட்டும் என் கண் கண்டது" என்று முன்னர்க் கூறியவர்க்கே மீட்டும் எழுதிவிடுதல். சொன்ன சொல்லை மாற்றினான் என்று வக்கீல் ஒருவர் அவையில் இழித்துரைக்கக்கூடும். அவ்விழிவினைப் பொறுத்தல் அவர் கடன். அவர் அங்ஙனமே எழுதினார் என்று அறிகின்றோம். வழக்கு இன்னும் முடிந்திலது.

ஒருபாலாரை மட்டும் கூறினோம் என்று வேண்டா. மோட்டார் சைக்கிள் ஊர்வோர் தம் இனத்தான் விழக் கண்டவழி, "வண்டிக்காரன் பின் நோக்காது திரும்பினான்" என்று, நோக்கினானா இல்லையா என்பதைக் காணாமலே உறுதி கூறுதலுண்டு. வெறுப்பினால் வரும் திரிபும் விருப்பினால் வரும் திரிபும் அராகம் ஒன்றன் இரு கிளைகளே. தம் கூட்டத்தானுக்குத் துணைநிற்றலை அறம் என்று கொள்வார்க்கு இது இன்னும் எளிதில் நேரும்.

இக்காலத்துத் தலைக்கவசத்திலும் வண்டியின் முகப்பிலும் பதிவுக் கருவிகளைப் பொருத்திக்கொள்கின்றனர். சாட்சியினும் அவை சிறந்தன என்பது உண்மையே. திருவெண்ணெய்நல்லூர் அவையில், ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றனைக் காட்டுக என்று கேட்டபோது, கிழவேதியராய் வந்தவர் எடுத்துக் காட்டியது ஆவணத்தையே என்பதும், அவ்வாவணமும் பாட்டனார் கையெழுத்துடைய வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கிய பின்னரே கொள்ளப்பட்டது என்பதும் சேக்கிழார் பெருமான் காட்டிய முறை. பதிவுப்படமும் ஒப்புநோக்கியே கொள்ளத்தக்கது. அகன்ற கோணத்துக் கண்ணாடி வழியே எடுத்த படத்தில் அருகிலுள்ளன உள்ளதினும் விரைந்து பாய்வனபோலத் தோன்றும். படத்தைக் கண்டு வேகத்தைக் கூறுபவனும் ஒரு சாட்சியே ஆகின்றான். கோடுகளின் இடையளவையும் படத்தின் நொடிக்கணக்கையும் கொண்டு கணக்கிடுபவனே அளக்கின்றான்.

எல்லா வழக்கிலும் படம் கிடைப்பதில்லை. சாட்சிகளை முற்றும் ஒதுக்கினால் வழக்கே நடவாது. கலிபோர்னியா நீதிமன்றுகள் வேகத்தைப் பற்றிச் சாமானியர் கூறும் மதிப்பினையும் ஏற்கும் வழக்கமுடையன. ஆகலின் வினாவுவார் முறை செம்மைப்படல் வேண்டும். எந்தத் தடத்தில் வண்டி நின்றது, திரும்புதற்குரிய விளக்கு எரிந்ததா, மோதியபின் எது எங்கே கிடந்தது என்பனவற்றைக் கண்டவர் பெரும்பாலும் செவ்விதிற் கூறுவர். அவற்றை முதலிற் கேட்டல் நன்று. அதன்பின், போலீஸாராயினும் வக்கீலாயினும் ஜூரர் முன்னிலையிற் கேட்பவராயினும், "எத்துணை விரைவாக வந்தான்?" என்று கேட்குமுன், "அவனை முதன்முதலில் எவ்விடத்துக் கண்டீர்?" என்று கேட்க. அவ்வினாவிற்கு விடை "கீழே கிடந்தபொழுது" என்பதாயின், விரைவினைப் பற்றிய வினா அச்சாட்சியிடத்து எழுதற்கே இடமில்லை.